கேள்வி மட்டும் கேட்கலாம்

1

காலை ஆறு மணி பத்து நிமிடம். ஆலயத்தின் பக்கக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது, பலிபீடத்துக்கு இடப்புறம் முக்காலியில் இருந்த வளையம். பிளாஸ்டிக் இலைகள் சுற்றிய வட்டத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் நின்றன. எங்கள் கணக்குப்படி அன்று முதல் வாரம், ஒன்றைத்தான் ஏற்ற வேண்டும். ஆனால் இரண்டு திரிகள் கறுத்திருந்தன.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிறிஸ்மஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். வாரம் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றிக்கொண்டே போவது வழக்கம். மஸ்கட்டில் ஞாயிறு வேலைநாள், வெள்ளிதான் விடுமுறை. எனவே ஞாயிறை வேறொரு நாளில் ஆசரிக்கிறோம். ஞாயிறுக்கு முந்திய வெள்ளியா, பிந்திய வெள்ளியா என்று யாரும் எழுதிவைக்கவில்லை. தமிழ்ச் சபை பிந்திய வெள்ளியை வைத்துக்கொண்டது. ஆங்கிலச் சபை வியாழன் மாலையே கூடிவிடும். அவர்களுக்கு அது வருகிற ஞாயிறு. ரூவியில் இருக்கும் இந்த ஒரே கட்டடத்தை ஐந்தாறு சபைகள் நேரம் பிரித்துக்கொண்டு பயன்படுத்துகின்றன. அந்த 2005 டிசம்பரில்தான் வளையமும் பொதுவாக்கப்பட்டது.

எங்கள் சபையின் பொருளாளர் செல்வின் எனக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். மார்த்தாண்டத்துக்காரர். கார் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறார்.

“எவம்ணே கொளுத்தினது? நேத்து வெள்ளக்காரங்களா? அவங்களுக்கு என்ன அவசரம்? இருங்க, நான் கடைய தொறக்கச் சொல்லி நாலு புது மெழுகுத்திரி வாங்கிட்டு வாறேன். நம்ம திரிய நாம கொளுத்துவோம்.”

ரஞ்சினி அக்கா பாமாலைப் புத்தகங்களை இருக்கைகளில் வைத்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தவர், ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட் போடுகிறார். “வேண்டாம் தம்பி. ரெண்டையும் ஏத்துவம். ஆண்டவர் ஒரு கிழமை கெதியா வந்தால் ஆருக்கு என்ன நட்டம்?”

“அது எப்படி அக்கா? முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?”

“முறை தெரிஞ்சவர்தான் முன்னால நிக்கிறார். அவரைக் கேளுங்கோ.”

ஒன்றை ஏற்றினால் போதும், மற்றத் திரி கறுத்திருந்தால் இருக்கட்டும் என்றேன். ஆராதனையின் தொடக்கத்தில் இரண்டு வாக்கியத்தில் காரணம் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. முடிந்ததும் வெளியே பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தபோது செல்வின் நாலு பேர் கேட்கச் சொன்னார்: “பாத்தேளா, சண்டைய ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டாரு. இவருதான் நம்ம ஐயரு. எழுதி வச்சுக்கிடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது வேடிக்கைப் பேச்சு இல்லை. குருப்பட்டத்துக்கு என் பெயரை எழுதி, சபைக் குழு செப்டம்பரிலேயே ஆங்கிலச் சபையின் ஆயரிடம் கொடுத்திருந்தது.

2

தென்மாவட்டங்களில் எங்கள் சபையார் குருவை ஐயர் என்பார்கள். வடக்கே உள்ள வாசகர்கள் திகைக்க வேண்டாம்.

மஸ்கட்டின் தமிழ்ச் சபைக்கு ஐயர் கிடையாது. மாதத்தின் மூன்றாம் வெள்ளியில் ஆங்கில ஆயர் வந்து, அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்தை நடத்துவார்; குருப்பட்டம் பெற்றவர்தான் அதை நடத்த முடியும். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நாங்கள் தமிழில் பதில் சொல்வோம். மற்ற வெள்ளிகளில் ஜெபம், வேதவாசிப்பு, பிரசங்கம் மட்டும். குடும்பத்தோடு ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. தொழிலாளர் கேம்ப்களில் தங்கியிருக்கும் ஆட்களுக்கு அப்படியில்லை. அவர்களுக்கு ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளிதான் டூட்டி இல்லாத நாள். அது மூன்றாம் வெள்ளியோடு பொருந்தாமல் போனால் மாதக்கணக்கில் பொருந்தாது. கலா பகுதிக் கேம்பிலிருந்து வரும் வெல்டர் ஜெபராஜ் சாத்தான்குளத்துக்காரர். “நான் கடைசியா எடுத்தது ஈஸ்டருக்கு சார்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

சபைக்குள்ளேயே ஒருவரைத் தேர்ந்து குருவாக்கலாம் என்பது ஆயரின் யோசனை. சம்பளம் இல்லை. பார்க்கும் வேலையைப் பார்த்துக்கொண்டே, வெள்ளிதோறும் திருவிருந்து நடத்தலாம்.

என் பெயர் வந்ததற்குக் காரணங்கள் இருந்தன. மதுரையில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடம் துணை ஆசிரியராக இருந்தவன். மாவட்டச் செய்திகளை வெட்டிச் சுருக்குவது என் வேலை. அந்தப் பழக்கத்தால் பிரசங்கம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். உச்சரிப்பு சுத்தம். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியும். என் பிரசங்கத்தைப் பற்றிச் சபையில் அடிக்கடி கேட்ட பாராட்டு, நேரத்துக்கு வீட்டுக்குப் போக முடிகிறது என்பது.

லேபர் கார்டில் என் தொழில் ‘டைப்பிஸ்ட்’. உண்மையில் செய்வது மொழிபெயர்ப்பு. எங்கள் அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பாளர் விசா கிடைத்தபாடில்லை. கூடுதலாக ஒரு பொறுப்பு ஏற்க, எனக்கு விசா கொடுத்த முதலாளியான கஃபீலின் சம்மதம் வேண்டியிருக்குமோ என்று ஆயர் சந்தேகப்பட்டதால், நான் போய்ப் பேசினேன். ஓமானியர், வயதானவர், எதையும் சுற்றிவளைக்காதவர். “உங்கள் மசூதிக்கு இமாமா?” என்று ஹிந்தியில் கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். “அச்சா. வெள்ளிக்கிழமை எப்படியும் லீவுதானே? கலாஸ், பேச்சு முடிந்தது” என்றார். பிறகு, நான் அறையைவிட்டு வெளியேறுவதற்குள், “இனி தவறுதலாகக்கூடப் பொய்யான தேதி போட்டுத் தருமாறு உன்னிடம் கேட்க முடியாது” என்று சொல்லிச் சிரித்தார்.

ஆக எல்லா வாசல்களும் திறந்திருந்தன. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. மறுப்பதற்கு ஒரு காரணமாவது யாராவது கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். மறுத்தால் மறுப்பது யாரை என்ற கேள்வி வேறு. ஊரில் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தது, கர்த்தர் கூப்பிட்டால் ஓடி ஒளியக்கூடாது என்பது. கூப்பிட்டது கர்த்தரா, செல்வினா என்று பிரித்துச் சொல்லும் வழியை யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை.

3

ஆயர் ஒரு வழி வைத்திருந்தார். அவர்கள் நாட்டில் பழக்கமாம். ஒருவனுடைய அழைப்பைச் சோதித்தறிய மூன்று பேர் அவனோடு உட்கார வேண்டும். திருவருகைக் காலத்தில் மூன்று வியாழன் மாலைகள், ஆங்கில ஆராதனைக்கு முன்னால் ஒரு மணி நேரம். எங்கள் குழுவில் ஆயர், செல்வின், ரஞ்சினி அக்கா. விதி ஒன்றே ஒன்று: அறிவுரை சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். அதிலும் கேட்பவருக்குப் பதில் முன்பே தெரிந்த கேள்வியைக் கேட்கக்கூடாது. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் சிறிது நேரம் எல்லோரும் சும்மா இருக்க வேண்டும்.

தமிழர்களுக்கு இதைவிடக் கடினமான விதியை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

முதல் வியாழன். ஆயர் ஜெபித்துவிட்டுக் கையைக் காட்டினார். செல்வின் தொண்டையைச் செருமினார்.

“அண்ணே, நான் ஒண்ணு கேக்கேன். சபைக்கு இவ்வளவு தேவை இருக்கும்போது, மாட்டேன்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வரும்?”

ஆயருக்குத் தமிழ் தெரியாது. கேள்வியை நானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். வார்த்தை மாறாமல்தான் சொன்னேன். ஆயர் கேட்டுவிட்டு ஆள்காட்டி விரலை உயர்த்தினார். “இது கேள்விக்குறி போட்ட அறிவுரை” என்றார். அதையும் நானே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

செல்வின் யோசித்தார். “சரி. அப்போ இப்படிக் கேக்கேன். நீங்க ஐயரானா, கேம்ப் பயலுகளுக்கு நல்லதா இருக்குமா இருக்காதா?”

விரல் உயர்ந்தது.

“இதுக்கும் விரலா? சரி, அண்ணே, உங்களுக்கு நெஞ்சளவு நாப்பத்திரண்டா, நாப்பத்திநாலா?”

எதற்கு என்று கேட்டேன். எங்கள் ஊர்ப்பக்கத்து நாசரேத்தில் அங்கி தைப்பவரிடம் சொல்லி வைத்தால் கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் ஆள் எடுத்துவந்துவிடுவான் என்றார். மொழிபெயர்த்தேன். ஆயர் விரலை உயர்த்தப் போனவர், பாதியில் நிறுத்தினார். பதில் தெரியாமல் கேட்ட கேள்வி என்பதால் விதிப்படி அது செல்லும். நாற்பத்திரண்டு என்றேன். எல்லோரும் விதிப்படி சும்மா இருந்தோம். ரஞ்சினி அக்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே ரூவியின் மொட்டை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வியாழனில் ஆயர் மட்டும்தான் அதிகம் கேட்டார். ஜெபிக்கும்போது எதைப் பற்றி அதிகம் பேசுவாய்? எந்த வேலையை யாரும் சொல்லாமலேயே செய்வாய்? வாசிப்பது, திருத்துவது என்றேன். கேட்கப் பழகியவனுக்குக் கேட்கப்படுவது வேறு மாதிரி இருக்கிறது. மதுரையில் நிருபர் வராத நாட்களில் நானே போய், கலெக்டரிலிருந்து லாரி டிரைவர் வரை கேள்வி கேட்டிருக்கிறேன். அவர்கள் பதில் சொல்லும்போது அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருப்பேன். இங்கே பதில் முடிந்த பிறகும் மூன்று பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிவை கிறிஸ்மஸுக்கு முன் பேராயருக்கு எழுத வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே வியாழன்.

4

வீட்டில் என் மனைவி கிரேஸ் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கணவனின் அழைப்பில் மனைவி குறுக்கே வந்தாள் என்ற பெயர் வேண்டாம் என்று தானாகவே தீர்மானித்திருந்தாள். அது எனக்கு அப்போது தெரியாது. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

மகள் ஷெரின் பேசினாள். பதினான்கு வயது. இந்தியப் பள்ளியில் படிக்கிறாள், தமிழை எங்களோடு சாப்பாட்டு மேசையில் மட்டும் பேசுவாள். “டாடி, ஐயர் ஆயிட்டா நீங்க எல்லாரோடயும் நைஸா இருக்கணுமா?”

“இப்ப எப்படி இருக்கேன்?”

“இப்ப நீங்க பொலைட்டா இருக்கீங்க. அது வேற.”

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவளை இந்த வருடம் ஞாயிறு பள்ளிக்கு வரவைப்பதே பெரிய பாடாக இருந்தது. எங்கள் ஊர் ஞாயிறு பள்ளி இங்கே வெள்ளிக்கிழமை நடப்பது அவளுக்கு ஒரு நகைச்சுவை. எங்களுக்குப் பழகிப்போனது எதையும் அவள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாம் திருவருகை வெள்ளியன்று ஆராதனை முடிந்து, பிக்கப்பில் ஏறப்போன ஜெபராஜ் இறங்கி வந்தார். “சார், நீங்க ஐயராகப் போறீங்கன்னு பசங்க சொல்லுதாங்க. அப்படியே நடந்துட்டா வாராவாரம் உண்டுல்லா சார்?”

“இன்னும் முடிவாகல ஜெபராஜ்.”

“முடிவாயிரும் சார். நான் ஜெபிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

5

மூன்றாம் வியாழன் டிசம்பர் இருபத்திரண்டு. பக்கத்துக் கூடத்தில் பிலிப்பினோ சபையின் பாடகர் குழு கித்தாருக்கு ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருந்தது. ஆயர் ஜெபித்தார். அதுவரை அதிகம் பேசாத ரஞ்சினி அக்கா நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டார்.

“நான் ஒரு கேள்வி கேக்கிறன். எனக்கு உண்மையா மறுமொழி தெரியாது. நீங்கள் ஐயராக வந்திட்டீங்கள் எண்டு வையுங்கோ. முதல் வெள்ளிக்கிழமை என்ன செய்வீங்கள்?”

சுலபமான கேள்வி. விரிவாகவே சொன்னேன். ஆறு மணிக்கு வருவேன். பாட்டுகளை முன்கூட்டியே தேர்ந்திருப்பேன். பிரசங்கம் பத்து நிமிடமாகக் குறையும், திருவிருந்துக்கு நேரம் வேண்டுமே. கேம்ப் பிக்கப் கிளம்பும் நேரத்தைக் கணக்கில் வைத்து, அவர்கள் முதலில் வந்து பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்வேன். சொல்லச் சொல்ல எனக்கே பிடித்திருந்தது. ஆயருக்காக மொழிபெயர்த்தபோது இன்னும் இரண்டு விவரம் சேர்த்தேன்.

எல்லோரும் சும்மா இருந்தோம்.

“சனிக்கிழமை?” என்றார் அக்கா.

“சனிக்கிழமை ஆபீஸ்.”

“பின்னேரம்?”

“யாராவது கூப்பிட்டால் போவேன். ஆஸ்பத்திரி, ஜெபக்கூட்டம்.”

“கூப்பிடாட்டி?”

அந்த ஒரு சொல்லை நான் ஆயருக்கு மொழிபெயர்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

பாளையங்கோட்டையில் நான் பத்தாவது படித்தபோது எங்கள் சபை வட்டாரமான சேகரத்தில் ஓர் ஐயர் இருந்தார். பிரசங்கம் சுமார். ஒரே கதையை வருடத்தில் மூன்று முறை சொல்வார். ஆனால் செவ்வாய், புதன் என்று கிழமை பார்க்காமல், சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, யாரும் கூப்பிடாமல் யார் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிடுவார். மீன் என்ன விலை என்பார். காபியைப் பாதி குடிப்பார். அம்மாவுக்கு அது தொல்லை. அப்பாவை மில்லிலிருந்து நிறுத்திய அன்று, அக்கம்பக்கத்தில் எப்படிச் சொல்வது என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் வந்து உட்கார்ந்திருந்தார். அன்றும் மீன் விலைதான் கேட்டார். இருட்டும்வரை போகவில்லை.

மஸ்கட்டில் பதினோரு வருடம். முன்கூட்டிப் போன் செய்யாமல் நான் ஒரு வீட்டு மணியையும் அழுத்தியதில்லை. அதை நாகரிகம் என்று வைத்திருந்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அழைத்தால் போவேன், போனால் வேண்டியதைச் சரியாகச் செய்வேன், முடிந்ததும் கிளம்பிவிடுவேன். அழைக்காத வீட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

“கூப்பிடாவிட்டால் போக மாட்டேன், அக்கா” என்றேன்.

செல்வினால் அடக்க முடியவில்லை. “அதான் எங்களுக்குத் தெரியுமே! நான் உங்க வீட்டு பெல்ல அடிச்சா உள்ள டிவி சத்தம்லா நிக்கும்!”

ஆயரின் விரல் உயர்ந்தது. செல்வின் இரண்டு கைகளாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதலில் சிரித்தது நான்தான். பிறகு அக்கா. ஆயர் காரணம் தெரியாமலேயே சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், என் பதில் ‘இல்லை’ என்று ஆயரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். வாசிப்பேன், பிரசங்கிப்பேன், கடிதம் எழுதுவேன், தொடர்ந்து செய்வேன். ஐயராக இருப்பது இது இல்லை.

அவர் மறுத்தும் பேசவில்லை, தேற்றவும் இல்லை. ஒரு கேள்விதான் கேட்டார். இல்லை என்று சொன்னபோது உடம்பில் எங்கே, என்ன உணர்ந்தாய்?

யோசித்துப் பார்த்தேன். தோள்பட்டை இறங்கியிருந்தது. செப்டம்பரிலிருந்து தூக்கியே வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அப்படியே சொன்னேன். அவர் தலையசைத்தார். யாருக்கெல்லாம் டீ வேண்டும் என்று கேட்டார்.

6

வீட்டுக்கு வந்து சொன்னதும் கிரேஸ் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நிசமாவா? எழுதிக் கொடுத்தாச்சா?”

“ஆயர் பேராயருக்கு எழுதிடுவார்.”

“அப்பாடா. ஏங்க, நான் ஐயரம்மா ஆகணுமேன்னு எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. மாதர் சங்கம், வாரவங்க போறவங்களுக்கெல்லாம் காபி, யாரு வீட்டுச் சண்டைக்கும் மத்தியஸ்தம். மூணு வாரமா வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்லா, தெரிஞ்சுதா உங்களுக்கு?”

“கோவமா இருக்கன்னு நினைச்சேன்.”

“நீங்க என்னத்தக் கண்டீங்க” என்று சொல்லி எழுந்து, மீனைத் திருப்பிப் போட்டாள். ஷெரின் தன் அறையிலிருந்து எட்டிப்பார்த்து, “ஸோ, நோ அங்கி?” என்றாள். இல்லை என்றேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று நன்றாகத் தூங்கினேன். மறுநாள் விடியற்காலை ஆலயத்துக்குப் போகும் வழியில், ரூவிச் சாலையில் டாக்ஸிக்காரர்கள் வண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழியில் வாரந்தோறும் போகிறேன். மூன்று மாதத்தில் அன்றுதான் அதைப் பார்த்தேன். அந்த ஆராதனையில் என் குரல் இயல்பாக இருந்ததாக ரஞ்சினி அக்கா சொன்னார். செல்வினுக்கு மட்டும் வருத்தம் தீரவில்லை. “அப்போ யாருதான்ணே?” என்று நான்கு முறை கேட்டார். நீங்கள்தான் யாரும் கூப்பிடாமலேயே எல்லார் வீட்டுக்கும் போகிறீர்களே என்று அக்கா அவரிடம் கேட்டபோது, “எனக்குப் பைபிள்ல ஒரு சங்கீதமே தட்டாம வாசிக்க வராது, சும்ம இரிங்க அக்கா” என்று அவசரமாக டீ கப்புகளைப் பொறுக்கப் போய்விட்டார். வேறு வேலையாக வந்திருந்த ஆயரிடம் அக்கா தனியாக ஏதோ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் கிட்டப் போகவில்லை.

கிறிஸ்மஸ் ஞாயிறன்று வந்தது. வேலைநாள். டூட்டிக்கு முன் போகிறவர்களுக்காக அதிகாலையில் ஆயர் திருவிருந்து நடத்தினார். கேம்ப் ஆட்களால் வர முடியவில்லை. அவர்களுக்கு ஐந்து மணிக்கே சைட்டுக்கு வண்டி.

அந்த வருடத்தின் கடைசி வெள்ளியில் அவர்களுக்கு முறை மாறி லீவு கிடைத்தது. பிக்கப் நிறைய வந்தார்கள். ஜெபராஜ் புதுச்சட்டை போட்டு, தலைவாரி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையில் பாமாலைப் புத்தகம். நான் வேதபாடம் வாசித்தேன், பன்னிரண்டு நிமிடம் பிரசங்கித்தேன்.

அன்று திருவிருந்து இல்லை.